ஏழு சுரம், 46 நிமிடம்: 'ப்ராமிசஸ்' ஆல்பத்தைக் கேட்பது எப்படி?

'ப்ராமிசஸ்' ஆல்பத்தின் அட்டையில் மூன்று பெயர்கள். முதலாவது ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ். மான்செஸ்டரில் பிறந்த சாம் ஷெப்பர்ட் எலக்ட்ரானிக் இசைக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. மனிதர் நரம்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இரண்டாவது, 1960களில் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனுடன் வாசித்த சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ். மூன்றாவது, லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா. 2021 மார்ச் 26 அன்று லுவாகா பாப் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பம் ஒன்பது பகுதிகளாக ஓடும் ஒரே படைப்பு. பகுதிகளுக்குத் தலைப்பு கிடையாது, 'மூவ்மெண்ட் 1' முதல் 'மூவ்மெண்ட் 9' வரை எண் மட்டும்தான். பாட்டு வரி இல்லை. டிரம்ஸ் இல்லை. பாஸ் கிடாரும் இல்லை.

ஜாஸ் என்றால் ஜாஸ், எலக்ட்ரானிக் என்றால் எலக்ட்ரானிக், மேற்கத்திய செவ்வியல் என்றால் அதுவும்தான். எந்தப் பெட்டியில் போட்டாலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 'இது ஜாஸ்தானா?' என்ற கேள்வியோடு பிளே அழுத்துபவர்கள் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று மூடிவிடுகிறார்கள். உண்மையில் நிறையவே நடக்கிறது, நடப்பது மெதுவாக நடக்கிறது. அதைப் பிடிக்கக் காதை எங்கே வைப்பது என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள்

அலட்சியமாக விடக்கூடாத வேலை இது. இந்த ஆல்பத்தில் மிக மெல்லிய இடத்துக்கும் மிக உரத்த இடத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. சினிமாப் பாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒலி ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும், அதனால் வால்யூமை ஒரு முறை வைத்தால் போதும். இங்கே முதல் நிமிடத்தை வைத்து வால்யூம் முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். 'கேட்கவே இல்லையே' என்று ஏற்றி வைப்பீர்கள். 27ஆவது நிமிடத்தை நெருங்கும்போது வயலின்கள் மொத்தமாக வந்து காதில் அறையும்.

எனவே தலைகீழாகச் செய்யுங்கள். கேட்கத் தொடங்கும் முன் மூவ்மெண்ட் 6ஐத் திறந்து, அதன் இரண்டாம் பாதியில் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். தந்தி வாத்தியங்கள் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஒலி நிறைவாகவும் காதைக் குத்தாமலும் இருக்கும்படி வால்யூமை வையுங்கள். பிறகு முதல் பகுதிக்குத் திரும்புங்கள். இனி வால்யூமைத் தொடக் கூடாது. தொடக்கம் மெல்லிதாகத்தான் கேட்கும், அப்படித்தான் கேட்க வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள், அல்லது நாய்ஸ் கேன்சலிங் உள்ள ஹெட்ஃபோன் போடுங்கள். நம் வீடுகளில் சீலிங் ஃபேனின் 'விர்ர்' ஓசைதான் இந்த ஆல்பத்துக்கு முதல் எதிரி. சாண்டர்ஸ் மூச்சு விடுவது, சாக்ஸபோனின் சாவிகள் விரல் பட்டு 'டக்' என்று மூடுவது எல்லாம் இதில் பதிவாகியிருக்கிறது. மைக்கை அவ்வளவு நெருக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஃபேன் ஓடினால் அவை அப்படியே போய்விடும். மிஞ்சுவது தூரத்தில் யாரோ வாசிப்பதுபோல ஒரு மங்கல்.

கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்கவே வேண்டாம். ஆர்கன், சிந்தசைசர் ஆகியவற்றின் கீழ்ஸ்தாயி அதில் வராது. மூவ்மெண்ட் 7, 8 ஆகியவற்றின் பாதி விஷயம் அந்தக் கீழ்ஸ்தாயியில்தான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வயர் இயர்போன்கூட அதைவிட எவ்வளவோ மேல். புளூடூத் பரவாயில்லை, அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆப்பில் நான்கு அமைப்புகளைப் பார்த்துவிடுங்கள். ஷஃபிள் நிறுத்தம். க்ராஸ்ஃபேட் பூஜ்யம், இல்லாவிட்டால் ஒரு பகுதியின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இடைவெளி விடாமல் ஓட்டும் 'கேப்லெஸ்' வசதி இருந்தால் போடுங்கள், ஏனென்றால் பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து ஓடுகின்றன. நடுவே அரை வினாடி வெட்டு விழுந்தாலும் துணி கிழிந்த மாதிரி இருக்கும். நான்காவது ஆட்டோபிளே. ஆல்பம் முடிந்தவுடன் ஆப் தானாக வேறு ஏதோ பாட்டைப் போட்டால் முடிவு நாசமாகிவிடும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுவது நல்லது. தனித்தனிப் பாட்டாகச் சமப்படுத்தும்போது, மெல்லிய பகுதியை அது உரத்த பகுதியின் உயரத்துக்குத் தூக்கிவிடும். பிறகு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இலவச யூடியூப் வேண்டாம். இரண்டு பகுதிகளுக்கு நடுவே சோப்பு விளம்பரம் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் முறை: குறிப்பெடுக்காமல்

46 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். அந்த நேரத்தை மொத்தமாக ஒதுக்க முடிகிற நாளில் தொடங்குங்கள். இருபது நிமிடம் கேட்டுவிட்டு மிச்சத்தை நாளைக்கு வைப்பது இந்த ஆல்பத்தில் பலிக்காது. ஏன் என்று அடுத்த பகுதியைப் படித்தால் தெரியும்.

படுத்துக்கொண்டு கேட்டால் முதல் முறையே தூங்கிவிடும் ஆபத்து உண்டு. 'தியான இசை', 'தூக்கத்துக்கான இசை' என்ற பெயரில் பலர் இதைப் பரிந்துரைப்பதற்கு அதுதான் காரணம். தூங்கினால் தப்பில்லை, ஆனால் ஆல்பத்தைக் கேட்டதாகக் கணக்கில் வராது. முதுகு சாய்த்து உட்கார்ந்தால் போதும்.

முதல் முறை எதையும் எண்ண வேண்டாம், எதையும் தேட வேண்டாம். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வியை உங்களுக்கே கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் கவனம் சிதறியது? நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். பெரும்பாலோருக்கு மூவ்மெண்ட் 2, 3 சுற்றிலும் ஒரு முறை நழுவும். ஆளுக்கு இரண்டரை நிமிடச் சிறு பகுதிகள் அவை. ஆல்பத்தில் ஆகப் பலவீனமான இடமும் அவைதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாம் முறை: அந்த ஏழு சுரத்தை மட்டும்

ஆல்பத்தின் முதல் ஒலியே ஒரு சிறு கோவை. ஏழு சுரங்கள், கண்ணாடி மணி குலுங்குவதுபோலச் சிதறி விழும், பிறகு இடைவெளி. மறுபடி அதே ஏழு, மறுபடி இடைவெளி. ஹார்ப்சிகார்ட், செலஸ்டா போன்ற விசைப் பலகைகளைச் சேர்த்து ஷெப்பர்ட் இதை உருவாக்கியிருக்கிறார். ஹார்ப்சிகார்டில் தந்தி மீட்டப்படும், செலஸ்டாவில் சிறு சுத்தி உலோகத் தகட்டில் அடிக்கும். அதனால்தான் தொடக்கத்தில் ஒரு கூர்மை, வாலில் ஒரு மினுமினுப்பு.

கைக்கடிகாரத்தை வைத்து ஒரு கோவையின் தொடக்கத்திலிருந்து அடுத்த கோவையின் தொடக்கம் வரை அளந்து பாருங்கள். ஒன்பது, பத்து வினாடி வரும். ஆல்பத்தின் பெரும்பகுதி நேரம் இந்தச் சுழற்சி நிற்பதே இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு கோடு என்று தாளில் போட்டுக்கொண்டே வாருங்கள், ஐந்து கோடு ஒரு கட்டு. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் மூவ்மெண்ட் 1 முடிவதற்குள் ஒரு மாற்றம் தெரியும்: கோவையைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அதற்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேட்க ஆரம்பித்திருப்பீர்கள். இந்த ஆல்பத்தில் எல்லாம் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியமும் ஒரு சங்கடமும் உண்டு. சௌகரியம், மாறாமல் நிற்கும் ஒன்றின்மேல் மனோதர்மம் விரிவது நமக்குப் புதிதில்லை. தம்பூராவின்மேல் ஆலாபனை அப்படித்தான். சங்கடம், கை தானாகத் தாளம் போடத் தேடும். போட முடியாது. ஒன்பது வினாடியை எட்டாகவோ பதினாறாகவோ பிரித்துக் காட்டும் அடி எதுவும் இதில் கேட்காது. தாளத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, சுற்று வரும் நேரத்தை மட்டும் உடம்பில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பூராவோடு ஒரு வித்தியாசமும் உண்டு. தம்பூரா இடைவெளி இல்லாமல் ஒலிக்கும், இது போய்ப் போய் வரும். ஒவ்வொரு முறையும் 'இந்தத் தடவை வருமா?' என்ற சிறு எதிர்பார்ப்பை உண்டாக்கிவிட்டு வரும்.

கோவையின் சுரங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும், நிறம் மாறும். சில இடங்களில் ஹார்ப்சிகார்டின் கூர்மை மேலே வரும், சில இடங்களில் சிந்தசைசரின் புகை சூழ்ந்துகொள்ளும். எங்கே எந்த நிறம் என்று ஒரு பகுதிக்கு ஒரு சொல் எழுதினால் போதும். 'கூர்', 'மங்கல்', 'தூரம்', 'ஈரம்'. உங்களுக்குப் புரிந்தால் சரி.

இரண்டாம் முறையின் கடைசி வேலை: கடைசிப் பகுதிகளில் இந்தக் கோவை நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடியுங்கள். நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம், ஆனால் சொன்னால் பயிற்சி வீண். அரை மணி நேரத்துக்கு மேல் உடன் வந்த ஒன்று இல்லாமல் போகும்போது காது தேடும் பாருங்கள், அதற்காகத்தான் ஆல்பத்தை இடையில் நிறுத்தக் கூடாது என்பது. பாதியில் விட்டுவிட்டு மறுநாள் மூவ்மெண்ட் 8லிருந்து தொடங்கினால் எதுவும் குறையாததுபோலவே இருக்கும்.

மூன்றாம் முறை: சாக்ஸபோன்

தமிழ்நாட்டில் பலருக்குச் சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத். அவர் வாசித்தது ஆல்ட்டோ. சாண்டர்ஸ் இதில் வாசிப்பது டெனர். உருவத்தில் பெரியது, சுருதியில் தாழ்ந்தது, ஆணின் நடுக்குரலுக்கு அருகில் வருவது.

பதிவின் வரிசையைத் தெரிந்துகொண்டு கேட்பது இங்கே உதவும். 2019 கோடையில் லாஸ் ஏஞ்சலஸில் ஷெப்பர்டும் சாண்டர்ஸும் சேர்ந்து பதிவு செய்தார்கள். அப்போது சாண்டர்ஸுக்கு 78 வயது. ஆர்க்கெஸ்ட்ராவின் தந்தி வாத்தியங்கள் அடுத்த ஆண்டு, 2020ல், லண்டனில் சேர்க்கப்பட்டன. அதாவது சாண்டர்ஸ் வாசிக்கும்போது வயலின்கள் அங்கே இல்லை. அவர் வாசித்து முடித்ததைச் சுற்றித்தான் பிற்பாடு அவை எழுதப்பட்டன. 'வயலினுக்கு அவர் பதில் சொல்கிறார்' என்று தோன்றும் இடமெல்லாம் உண்மையில் நேர் எதிர்.

மூவ்மெண்ட் 1ல் கோவை சில சுற்றுகள் தனியாக வந்த பிறகு சாக்ஸபோன் நுழையும். அந்த முதல் சொற்றொடரை நான்கைந்து முறை திருப்பிப் போட்டுக் கேளுங்கள். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, சுரம் பிறப்பதற்கு முன் வரும் காற்று. ஊதுவாயில் உள்ள மெல்லிய தகடான ரீட் அதிரத் தொடங்குவதற்குச் சற்று முன்பே மூச்சு குழலுக்குள் ஓடும் 'ஹ்' ஓசை. இரண்டு, கோவை விழும் நொடியில் அவர் என்ன செய்கிறார்: அதன்மேல் ஏறி வாசிக்கிறாரா, விலகி வழிவிடுகிறாரா, அது முடியக் காத்திருக்கிறாரா? மூன்று, ஒரு சொற்றொடரை எப்படி முடிக்கிறார். இளம் வாசிப்பாளர்கள் கடைசிச் சுரத்தைப் பிடித்து நிறுத்திக் காட்டுவார்கள். இவர் விட்டுவிடுகிறார், சுரம் மூச்சாகவே கரைந்து போகிறது.

சாண்டர்ஸின் 1960களின் பெயரை அறிந்து வருபவர்கள் இங்கே ஏமாறுவது வழக்கம். கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' ஆல்பத்தில், 1965ல், கத்தலும் கதறலுமாக வாசித்தவர் அவர். ரீடைக் கடித்து ஊதி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரம் பிளந்து வரச் செய்வது அவருடைய கையெழுத்து. அதை இங்கே முதல் அரை மணி நேரம் தேட வேண்டாம். அவர் அதை மறந்துவிடவில்லை, மடித்து வைத்திருக்கிறார். மூவ்மெண்ட் 7க்கு வரும்போது தெரியும்.

மூவ்மெண்ட் 4 இரண்டரை நிமிடம்தான். அதில் அவர் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே முனகுகிறார். சொல் கிடையாது. பாட்டு என்றும் சொல்ல முடியாது. வாத்தியத்தில் வாசிக்கப்போவதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்ப்பதுபோல. இதை முதல் முறை கேட்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை. உடனே மூவ்மெண்ட் 5ஐ ஓடவிட்டு, வாயில் வந்த அதே வளைவுகள் குழலில் வருகின்றனவா என்று பாருங்கள். குரலுக்கும் வாத்தியத்துக்கும் தூரமே இல்லை என்பது இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துக் கேட்டால்தான் காதில் ஏறும். ஆல்பம் முழுவதிலும் சாண்டர்ஸின் மிக அழகான வாசிப்பு மூவ்மெண்ட் 5ன் நாலரை நிமிடத்தில் இருக்கிறது; நேரமில்லாத நாளில் ஒரே ஒரு பகுதி கேட்க வேண்டுமென்றால் இதைத்தான் கேட்க வேண்டும்.

தந்தி வாத்தியங்கள்

தொடக்கப் பகுதிகளில் ஆர்க்கெஸ்ட்ரா இருப்பதே சந்தேகமாக இருக்கும். சிந்தசைசரா, வயலினா என்று பிரித்தறிய முடியாத ஒரு படலம் பின்னால் நகரும். அது வேண்டுமென்றே செய்தது. எது மின்சாரம், எது மரம் என்று தெரியாமல் கலந்துவிடுவதில் ஷெப்பர்டுக்கு விருப்பம் அதிகம். ஹெட்ஃபோனில் ஒரு வழி இருக்கிறது: வில் தந்தியில் உரசும் அந்த நுண்ணிய கரகரப்பு கேட்டால் வயலின் அல்லது செல்லோ, கரகரப்பே இல்லாமல் வழவழவென்று வந்தால் பெரும்பாலும் சிந்தசைசர்.

மூவ்மெண்ட் 6ல் படலம் விலகுகிறது. ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இந்தப் பகுதியில் சாண்டர்ஸ் ஒதுங்கிக்கொள்ள, தந்தி வாத்தியங்கள் முன்னால் வந்து அலையாக எழும்புகின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் நினைவில் நிற்பது இந்த இடம்தான். நினைவில் நிற்கிறது என்பதற்காக ஆகச் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆல்பத்தில் சினிமாப் பின்னணி இசைக்கு மிக அருகில் வருவதும் இதுவே. உணர்ச்சியைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. மற்ற எட்டுப் பகுதிகளும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் ஒன்று: இவ்வளவு பெரிய அலைக்கு நடுவிலும் அந்த ஏழு சுரக் கோவை வருகிறதா என்று தேடுங்கள். உரத்த ஒலிக்குள் ஒரு மெல்லிய ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறமை வந்துவிட்டால், எந்த ஆர்க்கெஸ்ட்ரா இசையையும் கேட்பது சுலபமாகிவிடும்.

ஏழு, எட்டு, ஒன்பது

மூவ்மெண்ட் 7 ஆல்பத்திலேயே நீளமானது, ஒன்பதரை நிமிடம் வரும். புயல் அடங்கிய பிறகு சாண்டர்ஸ் திரும்பி வருகிறார். இந்த முறை சிந்தசைசர் ஒலிகள் அவரைச் சுற்றிப் பறக்கின்றன. மடித்து வைத்திருந்த பழைய உரத்த குரல் இங்கே கொஞ்சம் விரிகிறது. சுரம் கிழிகிறது, குழல் உறுமுகிறது. 1969ல் இருபத்தெட்டு வயதில் வாசித்ததை 78ல் எப்படி வாசிக்கிறார் என்று ஒப்பிட விரும்பினால் அவருடைய 'கர்மா' ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூவ்மெண்ட் 8ல் ஆர்கன் கைக்கு வருகிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் இதில்தான் கைப்பேசி ஸ்பீக்கர்க்காரர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஒலி மெல்ல மெல்லக் கீழே போய், ஒரு கட்டத்தில் 'முடிந்துவிட்டதா, நெட் போய்விட்டதா' என்று திரையைப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். அந்த மௌனமும் எழுதப்பட்டதுதான். மூவ்மெண்ட் 9 இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், தந்தி வாத்தியங்கள் மட்டும், வந்த வேகத்தில் போய்விடும். ஒரு நல்ல முடிவுரையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது அரைகுறையாகத் தோன்றும். ஐந்தாறு முறை கேட்ட பிறகும் அப்படியே தோன்றினால் அது உங்கள் நியாயமான கருத்து, மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, ஜாஸ்தானா?

யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. வழக்கமான ஜாஸில் எதிர்பார்க்கும் நான்கு விஷயங்களை வைத்துச் சரிபார்க்கலாம். டிரம்ஸ், பாஸ் சேர்ந்து நடத்தும் ஓட்டம்: இல்லை. முதலில் மெட்டு, பிறகு ஆளாளுக்குத் தனி வாசிப்பு, கடைசியில் மறுபடி மெட்டு என்ற கட்டுமானம்: இல்லை. ஒரு வட்டத்தில் மாறிக்கொண்டே வரும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்: கிட்டத்தட்ட இல்லை. எழுதி வைக்காமல் அந்த நொடியில் உருவாக்கும் வாசிப்பு, அதிலும் இன்னாருடையது என்று ஒரே சுரத்தில் அடையாளம் தெரியும் தனிக்குரல்: முழுவதும் இருக்கிறது. நான்கில் ஒன்றுதான் தேறுகிறது, ஆனால் அந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருந்து பயனில்லை.

இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பும் வந்தது. சாண்டர்ஸ் 2022 செப்டம்பர் 24 அன்று காலமானார். 2023 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பவுல் அரங்கில் 'ப்ராமிசஸ்' மேடையேறியபோது அவர் இடத்தில் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஷபாகா ஹட்சிங்ஸ் வாசித்தார். கோவை அதேதான், ஆர்க்கெஸ்ட்ராவின் பங்கும் எழுதி வைத்ததுதான். நடுவே நின்று ஊதும் மனிதர் மட்டும் வேறு. எழுதியது எவ்வளவு, அந்த நேரத்தில் பிறப்பது எவ்வளவு என்ற கேள்வி இந்தப் படைப்பில் ஆள் மாறும்போதுதான் உண்மையாக எழுகிறது.

பெட்டிக்குள் அடங்காத வேறு எந்த ஆல்பம் கைக்கு வந்தாலும் இதே முறையைப் போட்டுப் பார்க்கலாம். எது மாறாமல் வருகிறது? எது மாறுகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை? ஒலி பக்கத்தில் இருக்கிறதா, தூரத்திலா? வழக்கமாக இருக்க வேண்டியது எது இல்லை? இந்த நான்குக்கும் ஆளுக்கொரு வரி எழுதிவிட்டால் வகைப்பெயர் தேவைப்படாது. நண்பருக்குப் பரிந்துரைக்கும்போதும் 'ஸ்பிரிச்சுவல் ஜாஸ், ஆம்பியன்ட் கலவை' என்று சொல்வதைவிட, 'ஒரே ஏழு சுரம் சுற்றிச் சுற்றி வரும், அதற்கு நடுவே ஒரு முதியவர் சாக்ஸபோன் வாசிப்பார், டிரம்ஸ் இருக்காது' என்று சொன்னால் அவர் சரியான எதிர்பார்ப்போடு வருவார்.

அடுத்து எங்கே போவது

பின்னோக்கிப் போக விரும்பினால் இரண்டு வழி. சாண்டர்ஸ் வழியாக என்றால் முதலில் 'கர்மா', 1969. அதன் முக்கியப் பாட்டு அரை மணி நேரத்தைத் தாண்டும், எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கத்துக்கும் பரவியது. டிரம்ஸும் பாஸும் முழு வேகத்தில் இருப்பதால் 'ப்ராமிசஸ்' மெதுவாகத் தோன்றியவர்களுக்கு இது ஒத்துவரும். அடுத்து, ஜான் கோல்ட்ரேனின் மனைவியும் ஹார்ப் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. சாண்டர்ஸ் இதில் சோப்ரானோ சாக்ஸபோன் வாசிக்கிறார், ஹார்ப்புக்கு அடியில் தம்பூரா ஓடுகிறது. தலைப்பில் வரும் சுவாமி சச்சிதானந்தா நம் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் 1969 வுட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்கத்தில் பேசியவரும் அவரே.

ஷெப்பர்ட் வழியாக என்றால் 2015ன் 'எலேனியா'. அந்த ஆல்பத்தைக் கேட்டுப் பிடித்துப்போய்த்தான் சாண்டர்ஸ் இவருடன் வேலை செய்ய முன்வந்தார். எலக்ட்ரானிக் இசையில் மௌனத்துக்கு இவ்வளவு இடம் விடுபவர் யார் என்று அதில் தெரியும்.

திரும்பத் திரும்ப வருவது பிடித்திருந்தால் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலண்ட் வே', 1969. தயாரிப்பாளர் டியோ மசெரோ டேப்பை வெட்டி, தொடக்கத்தில் வந்த பகுதியையே முடிவில் மறுபடி ஒட்டியிருக்கிறார். இரண்டாவது முறை வருவது அச்சு அசலாக அதே வாசிப்புதான், ஆனால் காது அதைப் புதிதாகவே எடுத்துக்கொள்கிறது. புதிதாக வேண்டுமானால் 2021லேயே வந்த நாலா சினெஃப்ரோவின் 'ஸ்பேஸ் 1.8', ஹார்ப்பும் மாடுலர் சிந்தசைசரும் சேர்ந்தது, இதிலும் தலைப்புகளுக்குப் பதில் எண்தான்.

தாளமே இல்லாமல் முக்கால் மணி நேரம் உட்காருவது ஒத்துவராதவர்களும் உண்டு. மூன்று முறை முழுதாகக் கேட்டும் ஒட்டவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். அவர்கள் 2011ல் வந்த 'தீர்த்தா'வைப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் பியானோ, கர்நாடக இசையை கிடாரில் வாசிக்கும் பிரசன்னா, தபலாவில் நிதின் மிட்டா. அதையும் எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாது, ஆனால் கை தாராளமாகத் தாளம் போடலாம்.